கையறுத்தான் கல்

பேயாண்டிக்கு வாய்த்தது இடது கை. அதில் அவன் செய்த தப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் கரட்டுப்பட்டியில் போய் இதைச் சொன்னால் யார் காதில் ஏறும்? பிள்ளை எந்தக் கையை முதலில் நீட்டுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஊர் அது. பேயாண்டி இடது கையை நீட்டினான். அன்றைக்கு ஒட்டிய 'பீச்சாங்கையன்' என்ற பட்டம், அவனுக்கு மீசை நரைக்கத் தொடங்கிய பிறகும் உதிரவில்லை.

அவனுடைய அப்பா சின்னச்சாமி லேசுப்பட்ட ஆள் இல்லை. சோற்று நேரம் வந்தால் மகனின் இடது கையை அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிடுவார். ஒரு தடவை பயல் விபூதியை இடது கையால் வாங்கிவிட்டான். அன்றைக்கு மணிக்கட்டில் சூடு விழுந்தது. சோறு அள்ள வலது கை பழகியதென்னவோ உண்மைதான். மற்றபடி அரிவாள், மண்வெட்டி, சாட்டை எல்லாம் இடது கைக்குத்தான் போகும். அவன் என்ன செய்வான், கை போகிறது!

அவனுடைய இடது கையை மதித்துக் கேட்டது வெள்ளைக்காரச் சர்க்கார் ஒன்றுதான். ரேகைச் சட்டத்தில் ஊர் ஆண்களை எல்லாம் திருடன் என்று எழுதி வைத்து, போலீஸ் டேசனுக்குக் கூப்பிட்டு, இடது பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார்கள். "இந்தக் கைக்கும் ஒரு மரியாதையப் பாத்தியா" என்று அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தச் சின்னச்சாமிதான் கையறுத்தான் கோயில் பூசாரி. கையறுத்தான் என்றால் சிலை கிலை என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு கல். உள்ளங்கை நீளம் இருக்கும். ஒரு முனை மூக்கு மாதிரி கூர்மை. ஒரு ஓரம் ஆற்றுக் கல் போல வழுவழுப்பு, எதிர் ஓரம் அரிவாளாட்டம் பதம். மேல் முகத்தில் வெள்ளையாக ஒரு வரி ஓடும்; அதுதான் சாமிக்குக் கண். எந்தக் காலத்திலோ பாட்டன் பூட்டன் கொண்டுவந்தது. வருஷம் பூரா மரப்பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் பெட்டி கோயிலுக்கு வரும், கல்லை வெளியே எடுப்பார்கள்.

அதைப் பிடிக்க ஒரு முறை உண்டு. கண் வானத்தைப் பார்க்க வேண்டும். மூக்கு முன்னால் நீட்டியிருக்க வேண்டும். பிடிப்பது வலது கை. அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு பூசாரி கோயிலைச் சுற்றி வர, பதமான ஓரம் உள்ளங்கையில் இறங்கிவிடும். ரத்தம் மஞ்சள் தண்ணீர்ச் சட்டியில் சொட்டும். "சாமி காட்டிருச்சு!" என்று பெண்கள் குலவை போடுவார்கள். அறுக்கிற சாமி என்பதால்தான் அந்தப் பெயரே.

அப்புறம் கறிச்சோறு. முதல் இலை பூசாரிக்கு. வலது கைதான் துணி சுற்றிக் கிடக்கிறதே! அதனால் அந்த ஒரு நாள் மட்டும் சின்னச்சாமி இடது கையால் சாப்பிடுவார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், சாமி காரியம். இன்னும் போடு, இன்னும் ஊத்து என்று கேட்டு வாங்கி, மனுஷன் விறுவிறுவென்று அள்ளுவார். எதிர்ப் பந்தியில் கை கட்டப்பட்ட பயலாக உட்கார்ந்து, பேயாண்டி அதை வயிறெரிந்து பார்த்திருக்கிறான். மற்ற நாளெல்லாம் அவருக்குச் சோற்றைக் கண்டாலே சிடுசிடுப்பு. நாலு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவார்.

அந்தச் சின்னச்சாமி ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். பெட்டியும் பூசாரிப் பட்டமும் மூத்த மகன் பேயாண்டிக்கு வர வேண்டும். வருமா? சித்தப்பா மகன் காசிமாயன் குறுக்கே வந்து விழுந்தான்.

"அண்ணன்மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா பீச்சாங்கையன் தொட்டா சாமி பெட்டிக்குள்ள இருக்குமா, எந்திரிச்சுப் போயிருமா? அதமட்டும் சொல்லுங்க" என்றான் பங்காளிகள் கூட்டத்தில்.

மூத்த பங்காளி சிவனாண்டி மீசையை நீவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "வலக்கையில எடுக்கட்டும். ரத்தம் காட்டுனா பெட்டி பேயாண்டிக்கு. காட்டலைன்னா காசி எடுத்துப் பாக்கட்டும். யாருக்குக் காட்டுதோ அவன் பூசாரி. நம்ம என்னத்தச் சொல்ல, சாமி சொல்லட்டும்."

பேயாண்டிக்குப் பெட்டிமேல் பேராசை எதுவும் இல்லை. முதல் மரியாதையும் மாலையும் யாருக்கு வேண்டும்? அவனுக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது. அப்பா உயிரோடு இருந்தவரை ஒரு நாள்கூட நாலு பேர் நடுவில் அவனைக் காட்டி 'என் மகன்' என்று சொன்னதில்லை. பெட்டி அவன் தோளில் ஏறினால், செத்த பிறகாவது சொன்ன மாதிரி ஆகும். இதை அவன் ஒச்சம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

சிவராத்திரி நெருங்கி வந்த சமயத்தில் பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வண்டி கட்டினான். நாகமலை அடிவாரத்தில் கோட்டும் குடையுமாக ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்தினார். தோளில் கனமான கோணிப்பை. மதுரையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், பெயர் ஞானாபரணம். பொதிமேல் ஏற்றி உட்கார வைத்தான். பைக்குள் பார்த்தால், அட கடவுளே, முழுக்கக் கல்!

"எதுக்குய்யா இம்புட்டுக் கல்லு? ஊருக்குள்ள கல்லு பஞ்சமா?" என்றான் பேயாண்டி.

"இதெல்லாம் சும்மாக் கல் இல்லப்பா. மனுஷன் அடிச்சுச் செஞ்சது. இரும்பு வர்றதுக்கு முந்தி. கணக்கே சொல்ல முடியாத காலத்துக்கு முந்தி."

வாத்தியாருக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது, விடுவாரா? ஜெர்மனி தேசத்தில் நியாண்டர்தால் என்று ஒரு பள்ளத்தாக்காம். அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டும்போது எலும்பு அகப்பட்டதாம். புருவத்துக்கு மேலே வரப்பு மாதிரி எலும்பு முட்டிக்கொண்டு, மோவாயே இல்லாமல் ஒரு ஆள். மனுஷன்தான், ஆனால் நம்மைப் போல மனுஷன் இல்லையாம்.

"அதெப்படிங்க? மனுசனாம், ஆனா மனுசன் இல்லையாம். ஒண்ணு ஆடா இருக்கணும், இல்ல மாடா இருக்கணும்" என்றான் பேயாண்டி.

"எனக்கும் அது குழப்பம்தான்" என்று வாத்தியார் ஒத்துக்கொண்டார். "அந்த மண்டை ஓட்டைப் பாத்துட்டு, இவன் மிருகம், முழு மூடன்னு ரொம்பப் பேர் எழுதிட்டாங்க. அவன் செஞ்ச கல்லைப் பாத்தா அப்படிச் சொல்ல மனசு வராது. ஒரு கல்லை எடுத்துச் சும்மா உடைக்கல அவன். சுத்தி ஓரத்தை எல்லாம் மொதல்ல தட்டிச் சீர் பண்றான். எங்க அடிச்சா எந்தத் துண்டு எந்த வடிவத்துல விழும்னு அடிக்கிறதுக்கு முந்தியே அவனுக்குத் தெரியும். கடைசியா ஒரே அடி. நெனச்ச துண்டு நெனச்ச மாதிரி விழுது. உருவம் மொதல்ல மனசுல வரணும், அப்பறம்தான் கையில. செத்தவங்களைக் குழி தோண்டிப் புதைச்சிருக்கான். அவனைப் போய் மூடன்னா?"

"பாக்காமலே எழுதிருவாங்கய்யா" என்றான் பேயாண்டி. "எங்களக்கூட அப்பிடித்தான எழுதி வச்சிருக்காக."

பேயாண்டி கயிற்றை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையால் பையிலிருந்து ஒரு கல்லைச் சும்மா எடுத்தான். எடுத்தவன் அப்படியே இருந்துவிட்டான். மொட்டை ஓரம் உள்ளங்கையில் உட்கார்ந்தது. பதமான ஓரம் வெளிப்பக்கம் போனது. பெருவிரலுக்கென்றே குழித்த மாதிரி ஒரு பள்ளம், அதில் விரல் போய்ப் படுத்துக்கொண்டது.

வாத்தியார் அதை வாங்கி வலது கையில் பிடித்துப் பார்த்தார். திருப்பினார், மறுபடி திருப்பினார். "ஸ்ஸ்" என்று கையை உதறினார். "வேடிக்கையா இருக்கே. பிடிக்க முடியலையே எனக்கு. இதைச் செஞ்சவன் இடக்கைக்காரனா இருப்பானோ என்னவோ. அப்படிச் சில கல் உண்டுன்னு படிச்சிருக்கேன்."

பேயாண்டி வண்டியை நடு ரோட்டில் நிறுத்திவிட்டான்.

"இடக்கையா? அப்ப அவனுக்கு... அவனுக்கு யாரும் கையக் கட்டலையா?"

"என்னப்பா கேக்குற?"

"ஒண்ணுமில்லங்க. இந்தக் கல்லும் அந்த மோவாயில்லாத ஆளு செஞ்சதுதானா?"

"தெரியாதுப்பா. அவனோட எலும்பு இந்தப் பக்கம் எங்கயும் கிடைச்சதில்ல. இங்க செஞ்சது யாருன்னு கேட்டா நான் கையத்தான் விரிக்கணும். யாரோ ஒருத்தன். மூளை உள்ளவன். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"இதுமாதிரிக் கல்லுல வெள்ளையா ஒரு வரி ஓடி, அது எங்கயாச்சும்..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பெட்டிக்குள் இருப்பதை அந்நியரிடம் பேசலாமா? வாத்தியாரும் தோண்டித் துருவவில்லை. மதுரையில் அவரை இறக்கிவிட்டுப் பொதியைப் போட்டான்.

வீட்டுக்கு வந்து, சாமியும் அந்த மாதிரிக் கல்தானோ என்று ஒச்சம்மாளிடம் கொட்டினான். அவள் அடுப்படியிலிருந்து அகப்பையோடு எழுந்து வந்தாள்.

"ஏய்யா, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? சாமியக் கல்லுங்கிறவன் பேச்சக் கேட்டுக்கிட்டு வந்து நிக்கிறியே! மனுசனே இல்லாதவன் செஞ்சானாம், அத ஒங்கப்பன் பாட்டனெல்லாம் கும்புட்டாகளாம். வெளிய சொல்லிப்புடாத, பங்காளிக கொன்னே போட்டுருவாங்ய."

"நான் எங்கடி சாமி இல்லைன்னேன்? கல்லச் செஞ்சவன் இடக்கைன்னா, சாமியும் இடக்கையா? சாமி இடக்கைன்னா, வலக்கையில பிடிச்சா அறுக்காம என்ன செய்யும்? அறுக்குறது காட்டுறதா, கோவமா? ஒண்ணும் வெளங்கல."

"எனக்கு ஒண்ணு வெளங்குது. நீ வலக்கையில இறுக்கிப் பிடிக்கணும். ரத்தம் வரணும். பெட்டி வீட்டுக்கு வரணும். மத்ததெல்லாம் பெறகு பேசுவோம்."

அவள் சொன்னதும் சரிதான். அன்றிலிருந்து வலது கையில் மண்வெட்டி பிடித்துப் பழகினான். வாய்க்கால் வெட்டினால் கோணலாகப் போனது. விறகு பிளந்தால் கோடாலி தெறித்தது. வயலோரம் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, கைய மாத்தி வாங்கியாந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இவனுக்கு ஆத்திரம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். மண்வெட்டிக் காம்பைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த யாரோ ஒருத்தன் ஞாபகத்துக்கு வந்தான். அவனுடைய அப்பன் அவனை என்ன சொல்லியிருப்பான் என்று யோசிப்பான். பைத்தியக்காரத்தனம்தான், வேறென்ன!

சிவராத்திரிக்கு மறுநாள் விடிந்தது. கோயில் முன்னால் சனம் நெருக்கியடித்தது. பெட்டி திறந்தது. பேயாண்டி நீராடி ஈர வேட்டியோடு நின்றான். சிவனாண்டி கல்லை எடுத்து, கண்ணை மேலே வைத்து, மூக்கை முன்னால் நீட்டி, அவனுடைய வலது உள்ளங்கையில் வைத்தார். காசிமாயன் கண்கொட்டாமல் பார்த்தான்.

பேயாண்டி இறுக்கினான். பதமான ஓரம் கையில் கடித்தது. இன்னும் இறுக்க வேண்டும், ரத்தம் வந்துவிடும், அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். சுற்ற ஆரம்பித்தான். ஆனால் அந்தக் கைக்குப் பிடி தெரியவில்லை. வியர்வை வேறு சேர்ந்துகொண்டது. கோயிலின் பின்பக்கம் திரும்பும்போது கல் வழுக்கிவிட்டது.

சாமி கீழே விழுந்தால் வம்சமே நாசம். அவன் யோசிக்கவில்லை, யோசிக்க நேரம் ஏது? இடது கை தானாகப் பாய்ந்து பிடித்தது. பிடித்த பிடியில் கல், கதவில் தாழ்ப்பாள் விழுந்தது போல உட்கார்ந்துகொண்டது. மொட்டை ஓரம் உள்ளங்கையில், பதம் வெளியே, பெருவிரல் பள்ளத்தில். கண் மேலே பார்த்தது, மூக்கு முன்னால் நீட்டியது. எல்லாம் முறைப்படி இருந்தது, கை ஒன்றைத் தவிர.

"பீச்சாங்கை! பீச்சாங்கையில எடுத்துட்டான்!" என்று காசிமாயன் கத்தினான்.

பேயாண்டி அப்படியே சுற்றி முடித்து வந்தான். ரத்தமாவது வரட்டுமே என்று பல்லைக் கடித்து இறுக்கினான். இறுக்க இறுக்கக் கல் இன்னும் சுகமாக உட்கார்ந்தது. சட்டிக்கு மேலே கையை விரித்துக் காட்டினான். காய்ந்து கிடந்தது உள்ளங்கை. வலது கையிலும் ஓரம் பதிந்த சிவப்புக் கோடுதான், ரத்தம் இல்லை.

சனத்துக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. குலவைக்குத் தூக்கிய நாக்கோடு பெண்கள் விழித்தார்கள். "சாமி கோவிச்சுக்கிருச்சு" என்றது ஒரு குரல். "அட, கோவிச்சா அறுக்காதா? சாந்தமாயிருச்சுப்பா" என்றது இன்னொன்று. "அப்ப இத்தன வருசமா அறுத்தது கோவத்துலயா?" என்று மூன்றாவது ஆள் கேட்க, "ஏய், வாய மூடு" என்று நாலு பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். சிவனாண்டி மீசையை நீவினார். மறுபடி நீவினார்.

காசிமாயன் முன்னால் வந்து வலது கையை நீட்டினான். கல் கை மாறியது. மகராசன் இறுக்கின இறுக்கில் இரண்டு எட்டு வைப்பதற்குள் ரத்தம் கொட்டியது. மஞ்சள் தண்ணீர் சிவந்தது. "காட்டிருச்சு! காசிக்குக் காட்டிருச்சு!" குலவை வானத்தைப் பிளந்தது. சனத்துக்கு அப்பாடா என்று இருந்தது. அவர்களுக்குத் தெரிந்த சாமி திரும்பி வந்துவிட்டதே!

பேயாண்டிக்கு வாய்வரைக்கும் வந்தது. 'யோவ், சாமி யாரையும் அறுக்கலய்யா. கை மாத்திப் பிடிச்சு நம்மளே அறுத்துக்கிட்டு நிக்கிறோம்யா' என்று சொல்ல வந்தது. ஆனால் அப்பாவின் வலது உள்ளங்கை கண்ணுக்குள் வந்து நின்றது. வரப்பு வரப்பாகத் தழும்பு ஏறிய கை. அத்தனை வருஷ ரத்தத்தையும் வீண் என்று இவன் எந்த வாயால் சொல்வான்? வாயை மூடிக்கொண்டான். பெட்டி காசிமாயனின் தோளில் ஏறியது. அதைப் பார்க்க முடியாமல் பேயாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பந்தி போட்டார்கள். முதல் இலை புதுப் பூசாரிக்கு. பேயாண்டிக்கு எதிர்ப் பந்தியில் இடம். ஒச்சம்மாள் அவன் இலையில் சோற்றைப் போட்டாள். அவள் மூக்கு சிவந்திருந்தது.

காசிமாயன் துணி சுற்றிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் சோற்றை அள்ளினான். பாதி இலையிலேயே விழுந்தது, பாதி மார்பில். குழம்பு முழங்கைவரை வழிந்தது. கறித்துண்டை எடுத்தால் வாய்க்குப் போகாமல் தாடையில் முட்டியது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். "புதுப் பூசாரிக்கு யாராச்சும் ஊட்டி விடுங்கடி!"

பேயாண்டிக்குப் பக்கத்தில் அவனுடைய அத்தை மாயக்காள் உட்கார்ந்திருந்தாள். சின்னச்சாமிக்கு மூத்தவள், கூடப் பிறந்தவர்களில் மிச்சமிருப்பவள். அவளும் சிரித்தாள். "என் தம்பின்னா ஒரு பருக்கை சிந்த மாட்டான்" என்றாள்.

பேயாண்டியின் கை சோற்றில் நின்றுவிட்டது.

ஒரு பருக்கை சிந்த மாட்டார். ஆமாம், சிந்தியதில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் இடது கையால் சாப்பிடுகிற மனுஷன் எப்படிச் சிந்தாமல் சாப்பிடுவான்? இதோ, காசிமாயன் நெஞ்செல்லாம் சோற்றோடு உட்கார்ந்திருக்கிறானே!

"அத்தை," என்றான். "அப்பா... அப்பாவும் என்னையமாதிரித்தானா?"

மாயக்காள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அவன் காதருகே குனிந்தாள். "ஒன் கையில கட்டுனது நூலுக் கயிறுடா மருமகனே. அவன் கையில எங்கப்பன் கட்டுனது வடக்கயிறு. அதப் பத்தி யார்ட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தான். இப்பத்தான் அவனே போயிட்டானே."

எதிரே காசிமாயன் இன்னும் கறித்துண்டோடு போராடிக்கொண்டிருந்தான். பேயாண்டிக்கு அந்த இலை தெரியவில்லை. அதே இடத்தில் அப்பா உட்கார்ந்து, இன்னும் போடு இன்னும் போடு என்று கேட்டு விறுவிறுவென்று அள்ளுவதுதான் தெரிந்தது. நாலு வாயோடு எழுந்துபோன மற்ற நாட்களும் தெரிந்தன. கண்ணீர் பொலபொலவென்று இலையில் விழுந்தது.

ஒச்சம்மாள் குழம்புச் சட்டியோடு ஓடி வந்தாள். "ஏய்யா, நாலு பேரு பாக்குறாக. பெட்டி போனா போகுதுய்யா, அதுக்கா அழுகுற?"

"பெட்டிக்கு இல்லடி."

"பெறகு?"

அவன் வலது கையை இலையிலிருந்து எடுத்துத் துடைத்தான். சூட்டுத் தழும்பு போட்ட இடது கையைச் சோற்றில் வைத்தான்.

"அப்பாவுக்குப் பசிச்சிருக்குடி ஒச்சம்மா" என்றான். "வருசம் பூரா பசிச்சிருக்கு."